டெஸ்ட் கோப்பில் இருந்த பெயர்

என் கணவர் உயிரோடு இருந்தவரை அவர் பெயரை நான் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் தட்டச்சு செய்திருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்டால் சொல்ல முடியாது. நான் ஜாவாவில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவள். கம்பெனி சென்னையில் இருக்கிறது. நான் திருவண்ணாமலையில், வேங்கிக்கால் தாண்டி ஒரு புது மனைப்பிரிவில் நாங்கள் கட்டிய வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நாங்கள் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். இப்போது இங்கே நான் மட்டும்தான்.

என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். உண்மையில் என் வேலை பெயர்களைக் கழுவித் துடைப்பது. ஒரே ஆளின் பெயர் ஓரிடத்தில் இனிஷியல் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் வரும். ஒருத்தர் புள்ளி வைப்பார், ஒருத்தர் வைக்க மாட்டார். சிலர் பெயருக்கு முன்னால் நாலு இடைவெளி விட்டு அடித்திருப்பார்கள், ஏன் என்று கடவுளுக்கே தெரியாது. இதையெல்லாம் சீராக்கி, இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தானா என்று முடிவு சொல்கிற புரோகிராம் என் பொறுப்பில் இருக்கிறது. இப்படி வரிசையாக வரும் எழுத்துகளுக்கு ஜாவாவில் ஸ்ட்ரிங் என்று பெயர். பெயரோ ஊரோ தெருவோ, எல்லாம் ஸ்ட்ரிங்தான். அது வெறும் எழுத்து அல்ல, ஆப்ஜெக்ட். அதாவது கேட்டால் பதில் சொல்லும் ஒரு பொருள். உன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்லும். ஓரத்து இடைவெளியை வெட்டிக் கொடு என்றால் கொடுக்கும்.

ஒன்று மட்டும் செய்யாது. தன்னை மாற்றிக்கொள்ளாது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் வா என்றால், பெரிய எழுத்தில் புதிதாக இன்னொரு ஸ்ட்ரிங்கைச் செய்து கையில் கொடுத்துவிட்டு, தான் இருந்தபடியே இருக்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இங்கேதான் முதலில் சறுக்குவார்கள். வெட்டச் சொல்லிவிட்டு, வெட்டிக் கொடுத்ததை வாங்கி வைக்காமல், பழையதையே பார்த்துக்கொண்டு ஏன் மாறவில்லை என்று முழிப்பார்கள். நானும் முழித்தவள்தான். ஆனால் அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடிக்கும்.

புரோகிராம் எழுதினால் மட்டும் போதாது, அது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் எழுத வேண்டும். மாதிரிப் பெயர்களை உள்ளே கொடுத்து, வெளியே என்ன வர வேண்டும் என்று முன்னதாகவே சொல்லி வைப்பது. யாராவது புரோகிராமில் கை வைத்தால் டெஸ்ட் எல்லாம் தானாக ஓடும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. நான் சேர்ந்தபோது அந்தக் கோப்பில் இருந்த மாதிரிப் பெயர்கள் அத்தனையும் வெளிநாட்டுப் பெயர்கள். முதல் பெயர், ஓர் இடைவெளி, குடும்பப் பெயர். நம் ஊரில் எவனுக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? இரண்டு இனிஷியல், நடுவில் புள்ளி, இடைவெளி என்பதே கிடையாது, ஒட்டினாற்போல் பெயர். இப்படி ஒன்று வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது கை தானாக அவர் பெயரை அடித்துவிட்டது. அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்யக்கூடாததைச் செய்துவிட்டது போல முகம் சூடாகிவிட்டது.

எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுசு கம்மியாகிவிடும் என்பார் என் மாமியார். இப்போது படித்த பெண்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். நானும் எம்.சி.ஏ. படித்தவள்தான், எனக்கு வரவில்லை. நம்பிக்கை என்றெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை, அந்த இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடும், அவ்வளவுதான். வீட்டில் "ஏங்க". அக்கம்பக்கத்தில் "அவரு". ஆபீஸில் "என் ஹஸ்பண்ட்".

ஒரு தடவை மாமியாரின் பென்ஷன் விஷயமாக நாங்கள் மூன்று பேரும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். அவர் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். உள்ளே இருந்தவர் மாமியாரிடம், "உங்க வூட்டுக்காரர் பேரு இன்னாம்மா?" என்றார். மாமியார் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா." மாமனார் பெயரை நான் எப்படிச் சொல்வது? நான் மாமியாரைப் பார்த்தேன். வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்த பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். விஷயம் புரிந்ததும் அப்பா பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, "பேர் சொல்ல ஒரு புள்ள வேணும்னு இதுக்குத்தான் பெத்தியாம்மா?" என்றார். அந்த இடமே சிரித்தது. மாமியார் அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

அவர் போளூர் ரோட்டில் பம்ப்செட் மோட்டார் விற்கும் கடை வைத்திருந்தார். என் வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் முதுகு வலிக்க உட்கார்ந்திருப்பேன் என்பதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை டீயோடு வந்து பின்னால் நின்றவர் திரையில் தன் பெயரைப் பார்த்துவிட்டார். அன்றைக்குப் பார்த்து நான் தமிழ்ப் பெயர்களைத் திருப்பிப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தேன். தமிழ் எழுத்தை ஜாவா துண்டு துண்டாகத்தான் பார்க்கும். எழுத்து, கொம்பு, கால், புள்ளி எல்லாம் அதற்குத் தனித்தனி உருப்படி. அப்படியே திருப்பினால் ஒரு எழுத்தின் கால் போய் வேறு எழுத்தில் ஒட்டிக்கொள்ளும், புள்ளி அனாதையாக முன்னால் நிற்கும். அவர் பெயர் அந்தக் கோலத்தில் திரையில் கிடந்தது.

"இன்னாடி இது, என் கைய காலயெல்லாம் கழட்டிப் போட்டுக்கீற?"

"டெஸ்ட்டுங்க. சும்மா."

"வாயால ஒரு தபா சொல்லச் சொன்னா ஓடிப்போவ. மெஷின்ல மட்டும் வச்சு வெட்டு வெட்டுனு வெட்டற." கீழே இருந்த வரிகளைப் படித்துக்கொண்டே போனார். ஒன்றில் அவர் பெயரின் இரு பக்கமும் இடைவெளி, ஒன்றில் ஆங்கிலத்தில் எல்லாம் பெரிய எழுத்து, ஒன்றில் பாதிப் பெயர். "இவ்ளோ பண்ணியும் ஒண்ணும் ஆவலையா எனக்கு?"

ஒன்றும் ஆகாது, எத்தனை வெட்டினாலும் மூலப் பெயர் அப்படியே இருக்கும் என்று விளக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடையில் வருகிற போகிறவர்களிடமெல்லாம், என் பெண்டாட்டி கம்ப்யூட்டரில் என் பெயரைத்தான் வைத்துப் பிழைக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில், கடையில் ஷட்டரைத் தூக்கும்போது நெஞ்சு வலி வந்து போய்விட்டார். நான் போவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் அவர் பெயரை ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஆயுசு கம்மியாகத்தான் ஆயிற்று. மாமியாரிடம் இதைச் சொல்லிச் சண்டை போட வேண்டும் என்று பல நாள் வாய் வரை வந்திருக்கிறது. அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வேடிக்கை என்று கோபத்தில்தான் சொல்கிறேன். அவர் பெயரை எல்லோருமே விட்டுவிட்டார்கள். நாள் முழுக்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் "என் புள்ள" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் சிநேகிதர்கள் என்னைப் பார்த்தால் "அண்ணன் இருந்தப்போ" என்பார்கள். என் அண்ணன் ஓசூரிலிருந்து போன் பண்ணினால் "அவரு விஷயம்" என்பான். எனக்கு வலிக்கும் என்று தாண்டித் தாண்டிப் போனார்கள். முதல் வருடம் முடிந்ததும் போன்களும் கம்மியாகிவிட்டன. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. சில நாள் காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் யாராவது "ம்யூட்ல இருக்கீங்க" என்று சொல்வதுதான் அன்றைக்கு என் காதில் விழுகிற முதல் வார்த்தை. ஒருத்திக்கு எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று இன்னும் கைக்குப் பிடிபடவில்லை, தினமும் சோறு மிஞ்சுகிறது.

மாமியார் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் இருக்கிறார். இங்கே வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தேன். "கடைய யாரு பாத்துப்பாங்க?" என்றார். பௌர்ணமிக்கு வாசலில் தண்ணீர் பாட்டிலும் சுக்குக் காபியும் விற்கிற கடை. அவருக்கு அது போதும். ஜனங்களோடு பேசிக்கொண்டிருக்கலாம். எனக்குப் புரிகிறது, அதனால் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் பல் டாக்டரிடம் காத்திருந்தேன். அறை வாசலில் நின்ற நர்ஸ் என் கணவர் பெயரைக் கூப்பிட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். மூலையிலிருந்து ஒரு பெரியவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அதே பெயர், இனிஷியல் வேறு. ஜாவாவில் இரண்டு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிட இரண்டு வழி உண்டு. எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று கேட்பது ஒரு வழி. இரண்டும் அதே பொருள்தானா என்று கேட்பது இன்னொரு வழி. முதல் கேள்விக்கு ஆமாம் என்று வந்தாலும் இரண்டாவதற்கு இல்லை என்று வரலாம். இதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எனக்கே அன்றைக்கு உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஜாவாவில் இன்னொரு விஷயமும் உண்டு. ஓர் ஆப்ஜெக்ட்டை எங்கிருந்தும் யாரும் குறிப்பிடாமல் போய்விட்டால், மொழியே அதைப் பெருக்கித் தள்ளிவிடும். யாரையும் கேட்காது. வேலை கற்றுக்கொண்ட காலத்தில் நல்ல வசதியாக இருக்கிறதே என்று நினைத்தேன். இப்போது அந்தப் பாடத்தைப் புதிதாக வருகிறவர்களுக்கு நடத்தச் சொன்னால் வேறு யாரையாவது கைகாட்டிவிடுகிறேன்.

அதனால் அந்த டெஸ்ட் கோப்பு எனக்கு என்னவாக இருந்தது என்று புரிந்திருக்கும். உலகத்தில் தினமும் அவர் பெயர் வந்து போகிற ஒரே இடம் அதுதான். பொழுது விடிந்து லேப்டாப்பைத் திறந்ததும் டெஸ்ட்டை ஓட விடுவேன், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். பெயர் உள்ளே போகும், வெட்டுப்படும், திரும்பும், பெரிதாகும், கடைசியில் முழுசாக வெளியே வரும். பக்கத்தில் ஒரு பச்சைக் குறி. அதைப் பார்த்த பிறகுதான் பால் பாக்கெட்டை எடுக்க வாசலுக்குப் போவேன்.

போன மாதம் அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. எங்கள் புரோகிராமை வாங்குகிற வாடிக்கையாளர் ஒரு விதி போட்டார். டெஸ்ட் கோப்புகளில் நிஜ மனிதர்களின் பெயர் இருக்கக் கூடாது. கற்பனைப் பெயர் என்றால் இருக்கட்டும், நிஜ ஆள் என்றால் எடுத்துவிட வேண்டும். நியாயமான விதிதான், யார் பெயரையும் யாரும் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டு விளையாடக் கூடாது. கோப்பில் இருக்கும் பெயர்களை டீம் லீடுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது என் வேலை. லீட் சென்னைப் பெண், என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். போன வருடம்தான் சேர்ந்தாள். நான் தனியாக இருப்பது தெரியும், அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் திட்டம் சுலபமானது. திரையை அவளுக்குக் காட்டுவேன், அவர் பெயர் வரும்போது பேசாமல் கீழே தள்ளுவேன். நூறு பெயரில் ஒரு பெயர், யார் கவனிக்கப் போகிறார்கள்?

ஆனால் அவள் நேரம் கொடுத்தது பௌர்ணமி அன்று சாயங்காலம். எங்கள் ஊரில் பௌர்ணமி என்றால் நெட்வொர்க் இருக்காது. லட்சக்கணக்கான ஜனம் ஊருக்குள் வந்து ஆளுக்கு ஒரு போனைக் கையில் பிடித்தால் டவர் என்ன செய்யும், பாவம். மாற்று நாள் கேட்டேன், மறுநாள் காலையில் அனுப்பியாக வேண்டும் என்றுவிட்டாள். அவளே ஒரு கல்யாணத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தாள், கையில் போன் மட்டும்தான். நான் திரையைப் பகிர்ந்தேன்.

"அக்கா, ஒண்ணும் வரலையே. வட்டம்தான் சுத்துது."

"இங்க பௌர்ணமிங்க. அப்படித்தான் இருக்கும்."

"அப்போ ஒண்ணு பண்ணலாம். நீங்க ஒவ்வொரு பேரா படிங்க. நான் கேட்டுட்டுச் சொல்றேன்."

படிப்பதா? வாயாலா? நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. வெளிநாட்டுப் பெயர்களைப் படித்தேன். யாரோ எப்போதோ விளையாட்டாக வைத்திருந்த பெயர்களைப் படித்தேன். அவள் "ஓகே, ஓகே" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசி வரி அவர். நாக்கு வழக்கம்போல நின்றுவிட்டது.

"அக்கா? இருக்கீங்களா?"

தாண்டிப் போயிருக்கலாம். அவளுக்குத் தெரியப் போவதில்லை. இவ்வளவுதான், முடிந்தது என்று சொல்லியிருந்தால் அவர் பெயர் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கும். ஆனால் அவர் பெயரைத் தாண்டிப் போகிற வேலையைத்தான் இரண்டு வருடமாக எல்லோரும் செய்துகொண்டிருக்கிறார்கள், நானும் செய்ய வேண்டுமா என்று திடீரென்று ஒரு கோபம் வந்தது. சொன்னேன். இனிஷியலோடு, முழுசாக. என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"கட் ஆகுது அக்கா. இன்னொரு தடவை."

இன்னொரு தடவை சொன்னேன்.

"கடைசி பாதிதான் கேட்டுச்சு. கொஞ்சம் சத்தமா சொல்லுங்களேன்."

ஹாலில் சிக்னல் இன்னும் மோசம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, தெருவைப் பார்த்து, அவர் பெயரைக் கத்தினேன். எதிர் வீட்டில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது யார் பெயர் என்று தெரியும். துணியை மார்போடு பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

லீட் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, சரிதானா என்று கேட்கிற தொனியில். "இதானே அக்கா?"

"ஆமா, அதுதான்."

"நல்லா இருக்கே பேரு. யாராச்சும் நிஜ ஆளா?"

நான் பதில் சொல்வதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன், போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு செய்தி மட்டும் எப்படியோ வந்து சேர்ந்தது: "மத்ததெல்லாம் ஓகே. அந்தக் கடைசிப் பேர் மட்டும் சொல்லுங்க. கற்பனைன்னா அப்படியே வச்சிடலாம்."

இதைவிடச் சுலபமாக ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டிருக்க முடியாது. "கற்பனைப் பெயர்தான்" என்று அடித்தேன். அனுப்பினால் போதும், தினமும் காலையில் அவர் வருவார், இந்தக் கம்பெனி இருக்கிற வரை வருவார். அனுப்பும் பட்டன்மேல் விரலை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கற்பனைப் பெயர். வடைக்குச் சட்னி கம்மியாக வைத்தான் என்று டீக்கடைக்காரரோடு சண்டை போட்டவர். என் முதுகு வலிக்கு எங்கெங்கோ அலைந்து நாற்காலி வாங்கி வந்தவர். மோட்டார் கிரீஸ் வாசனையோடு வீட்டுக்குள் நுழைந்து, குளித்துவிட்டு வாங்க என்று நான் கத்தக் கத்தச் சிரித்துக்கொண்டே சோற்றில் கை வைக்கிறவர். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதற்காக, அப்படி ஓர் ஆளே பிறக்கவில்லை என்று நான் என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும். முடியாது. என்னால் முடியாது.

அடித்ததை அழித்தேன். "நிஜ ஆள். என் கணவர். பெயரை எடுத்துவிடுகிறேன்" என்று எழுதினேன். நெட்வொர்க்கைத் தேடி மாடிக்குப் போய், செய்தி போய்ச் சேரும் வரை அங்கேயே நின்றேன். கீழே தெருமுனையில் கிரிவலத்துக்குப் போகிற கூட்டம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு கீழே வந்து கோப்பைத் திறந்தேன். அவருக்குப் பதிலாக ஒரு பெயர் வேண்டும், அதே அச்சில். இரண்டு இனிஷியல், நடுவில் புள்ளி, இடைவெளி இல்லாமல் நீளமாக ஒரு பெயர். யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்துச் செய்தேன். ஒவ்வோர் இடமாகத் தேடி அவரை எடுத்துவிட்டு அந்த இல்லாத ஆளை வைத்தேன். சேமிப்பில் இருக்கும் கோப்பின் பழைய பதிப்புகளில் அவர் பெயர் இருக்கும், தோண்டினால் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். அது ஆறுதலாக இருக்கவில்லை.

ஒரு டெஸ்ட்டாவது சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தேன். எங்காவது ஓர் இடத்தில் அவர்தான் வேண்டும், வேறு யாரும் ஆகாது என்று புரோகிராம் அடம்பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். ஓட விட்டேன். எல்லாம் பச்சை. அவர் இல்லாமல் அத்தனையும் சரியாக ஓடியது, எனக்கு அதுதான் தாங்கவில்லை.